சாரைக்குப் பால் புகட்டிய கதை

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு பித்தளைப் பாலாடை இருக்கிறது. எனக்கும் என் தம்பி தங்கைகளுக்கும் அதில்தான் பால் புகட்டினார்களாம். என் பிள்ளைகளுக்கும் அதுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, "இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் சார் வைத்திருக்கிறார்கள்!" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அந்தப் பாலாடையால் ஒரு பாம்புக்கும் பால் புகட்டியிருக்கிறேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுபதைத் தாண்டிவிட்டேன், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

1962-ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த வருஷம் என்பதால் கணக்கு மறக்கவில்லை. நான் நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கி பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லறைத் திருநாளை ஒட்டி விட்ட விடுமுறைக்கு வில்லியனூர் போயிருந்தேன். ஐப்பசி அடைமழை. சங்கராபரணியில் தண்ணீர் புரண்டு போயிற்று. வயலில் இருந்த எலி, தவளை, பூரான் எல்லாம் மேட்டைத் தேடி வீடுகளுக்குள் வந்தன. அவற்றின் பின்னாலேயே ஒரு சாரைப்பாம்பும் எங்கள் நெல் அறைக்குள் வந்துவிட்டது.

ஆறடி நீளம் இருக்கும். பெரியப்பா மகன், எனக்கு ஆறு வயது மூத்த அண்ணன், சாக்கைப் போட்டு அதை அமுக்கிவிட்டார். அடித்துப் போடு என்றார்கள் சிலர். சாரை எலி தின்கிற பாம்பு, கழனியில் விட்டுவிட்டு வா என்றார் ஆயா. அண்ணன் இரண்டையும் கேட்கவில்லை. பூனை வளர்ப்பதுபோல் இதை வளர்த்தால் நெல்லுக்கு எலித் தொல்லை இருக்காது என்பது அவர் யோசனை. பழைய மிடா ஒன்றில் பாம்பை இறக்கி, மேலே முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக் குழவியை வைத்தார்.

அது எதையும் தின்னவில்லை. கோழி முட்டை போட்டோம். முகரக்கூட இல்லை. செத்த எலி போட்டோம். நாற்றம் எடுத்ததுதான் மிச்சம். தவளையை உயிரோடு பிடித்துப் போட்டோம். இரண்டும் ஒரே மிடாவில் இரண்டு நாள் குடித்தனம் செய்தன. நாங்கள் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மணிக்கொரு தரம் முறத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அது சீறி, மிடாவின் சுவரில் மூக்கை முட்டியது. மூக்கு நுனியில் தோல் உரிந்து சிவந்துவிட்டது.

ஆயா ஒரு நாள் சொன்னார்: "புதுசா வந்த மருமவ மாதிரிடா அது. பத்து பேரு சுத்தி நின்னு வாயையே பாத்தா எப்படி சோறு எறங்கும்? கொண்டு போய் வுட்டுடுங்க."

நாங்கள் விடவில்லை. ஒன்பதாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. பட்டினியில் செத்துவிடுமே என்று பயம். பாம்புக்குப் பால்தானே வார்ப்பார்கள் என்று யோசித்து, அடுக்களையிலிருந்து பாலாடையை எடுத்து வந்தேன். அண்ணன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். வாயின் ஓரத்தில் பாலாடை மூக்கை வைத்து மெல்லச் சாய்த்தேன். குழந்தைக்கு ஆயா புகட்டும்போது பார்த்திருக்கிறேன் அல்லவா, அதே மாதிரி. பால் உள்ளே போயிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை நுரையாகக் குமிழி வந்தது. மறுநாள் காலையில் முறத்தைத் தூக்கியபோது பாம்பு வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தது.

ஆயா திட்டவில்லை. வேலியோரம் குழி தோண்டச் சொல்லி, மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புதைத்தார். பாலாடையைப் புளி போட்டு மூன்று தரம் தேய்த்து எடுத்து வைத்தார். நாம்தான் பாம்பைப் பட்டினி போட்டுக் கொன்றோம், இன்னும் முன்னாலேயே பால் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி, ஐம்பது வருஷத்துக்கு மேல் தாண்டி வருகிறேன். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படித்துச் சொல்வது என் தலையில் விழுந்த வேலை. பிறப்பு, இறப்பு, கிரயப் பத்திரம் என்று கோழிக் கிறுக்கல் பிரெஞ்சைப் படித்துப் படித்துக் கண்ணாடி தடித்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கம் போகவில்லை. பிரான்சின் தேசிய நூலகம் பழைய நூல்களைக் கணினியில் இலவசமாகப் படிக்கக் கொடுக்கிறது என்று பேரன் காட்டிக்கொடுத்தான். எங்கள் தாத்தாவின் தம்பி சைகோனில் வேலை பார்த்தவர். புதுச்சேரியில் சைகோனுக்குப் போய் வந்த ஆள் இல்லாத குடும்பம் குறைவு. அந்த ஊரைப் பற்றித் தேடிக்கொண்டே போனபோது ஆல்பர் கல்மெத் என்ற டாக்டரின் புத்தகம் அகப்பட்டது. 1907-இல் பாரிசில் அச்சானது. விஷங்கள், விஷப் பிராணிகள், விஷமுறிவு சீரம் பற்றியது.

கல்மெத் யார் என்று கேட்பவர்கள் தங்கள் தோளைப் பார்த்துக்கொள்ளலாம். நம்மில் பலருக்கு அங்கே பி.சி.ஜி. ஊசித் தழும்பு இருக்கும். அந்தப் பெயரின் நடுவில் உள்ள 'சி' இவர்தான். 'ஜி' இவரோடு உழைத்த கேரேன். காசநோய்த் தடுப்பூசிக்கு முன்பே இவர் பாம்புக்கடிக்கு மருந்து கண்டவர்.

இவர் கடற்படை மருத்துவர். பெரியம்மைக்கும் வெறிநாய்க்கடிக்கும் தடுப்பு மருந்து தயாரிக்க ஒரு பாஸ்தர் ஆய்வுக்கூடம் தொடங்கும்படி 1891-இல் சைகோனுக்கு அனுப்பப்பட்டார். அதே வருஷம் மழைக்காலத்தில், தெற்கே பாக் லியூ பக்கம் ஒரு கிராமத்தில் வெள்ளம் புகுந்தது. தண்ணீருக்குத் தப்பி நாகப்பாம்புகள் வீடுகளுக்குள் ஏறின. நாற்பது பேரைக் கடித்தன; நான்கு பேர் இறந்தார்கள். அந்த ஊர்ப் பாம்புபிடிக்காரர் ஒருவர் 19 நாகங்களை உயிரோடு பிடித்து ஒரு பீப்பாயில் அடைத்தார். அந்தப் பகுதி நிர்வாக அதிகாரி பீப்பாயைச் சைகோனுக்குக் கல்மெத்திடம் அனுப்பிவைத்தார். ஐப்பசி வெள்ளம், வீட்டுக்குள் பாம்பு என்று படித்ததும் எனக்கு எங்கள் நெல் அறைதான் கண்முன் வந்தது.

அந்தப் பீப்பாயில் தொடங்கிய வேலை 1894-இல் விஷமுறிவு சீரமாக முடிந்தது. பாரிசில் ஃபிசாலிக்ஸ், பெர்த்ரான் என்ற இருவரும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தார்கள். வழி இதுதான்: குதிரைக்குப் பாம்பு விஷத்தை முதலில் மிகச் சிறிய அளவில் ஊசி போட்டு, மாதக்கணக்கில் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். குதிரையின் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சக்தி ஊறும். அந்த ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்தெடுத்து, கடிபட்டவனுக்குப் போடுவார்கள். இன்றைக்கும் அடிப்படை இதுவே.

இதற்கு விஷம் விடாமல் கிடைக்க வேண்டும். ஒரு பாம்பிடமிருந்து ஒரு தடவைக்குக் கிடைப்பது சில துளிகள்தான். ஆகவே பாம்புகளை உயிரோடு வைத்திருக்க வேண்டும். 1895 முதல் கல்மெத் வட பிரான்சில் லீல் நகரத்துப் பாஸ்தர் நிறுவனத்தை நடத்தினார். தூர தேசத்துப் பாம்புகள் கப்பலேறி அந்தக் குளிர் ஊருக்கு வந்தன. வந்தவை வாயைத் திறக்க மறுத்தன. கடிப்பதற்குத் திறக்கும், தின்பதற்குத் திறக்காது.

புத்தகத்தில் இதற்கென்று படங்களே இருக்கின்றன. ஒருவர் பாம்பின் தலையைப் பிடித்திருக்கிறார். நீண்ட குழாய் வைத்த புனலை அதன் வாய்க்குள் இறக்குகிறார்கள். அடித்துக் கலக்கிய பச்சை முட்டையைப் புனலில் ஊற்றுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் கணினியை மூடிவிட்டேன். நாங்கள் மிடாவின் பக்கத்தில் குந்தியிருந்தது அப்படியே தெரிந்தது. புனலுக்குப் பதில் பாலாடை, அவ்வளவுதான்.

ஆனால் அவர்களுடைய பாம்பு பிழைத்தது, எங்களுடையது ஏன் செத்தது? கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் மாலை நடையில் என்னோடு வருவார். ஏதோ பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் விளக்கினார். நமக்கு மூச்சுக்குழாயின் வாய் தொண்டைக்குள் ஆழத்தில் இருக்கிறது. பாம்புக்கு அது கீழ்வாயின் தரையிலேயே, முன்பக்கம், நாக்கு வெளியே வரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. பெரிய எலியை மெல்ல மெல்ல விழுங்கும்போது வாய் முழுதும் அடைத்துக்கொள்ளுமே, அப்போதும் மூச்சு விடுவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு. லீல் நகரத்துக் குழாய் அந்தத் துளையைத் தாண்டி உணவுக்குழாய்க்குள் போயிற்று. வாயின் ஓரத்தில் ஊற்றுகிற பால் நேராக அந்தத் துளைக்குள்தான் போகும். "நாகபஞ்சமிக்குப் பால் ஊற்றப்படுகிற பாம்புகள் எத்தனை இப்படிச் சாகின்றன தெரியுமா? பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் எதை வைத்தாலும் குடிக்கும். பாலைச் செரிக்க அதற்கு வழியே கிடையாது" என்றார். கடைசியாக, "ஒன்பது நாள் பட்டினி பாம்புக்கு ஒரு பொருட்டா? மாதக்கணக்கில் கிடக்குமே!" என்றும் சொன்னார்.

நான் ஒன்றும் பேசவில்லை. அந்த நுரை நுரையான குமிழிகள் எதனால் வந்தன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பட்டினி அதைக் கொல்லவில்லை. நான் கொடுத்த பால் கொன்றது.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். பிடித்து வந்த பாம்பைத் தின்ன வைப்பது உலகம் முழுவதும் பெரிய பிரச்சினையாக இருந்திருக்கிறது. நியூயார்க்கில் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலை 1899-இல் திறக்கப்பட்டது. அங்கே ஊர்வன பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ரேமண்ட் டிட்மார்ஸ். கிழக்கு நாடுகளிலிருந்து வந்த பெரிய மலைப்பாம்பு ஒன்று மாதக்கணக்கில் எதையும் தொடவில்லை. கடைசியில் ஆட்கள் வரிசையாக நின்று அதை நீளமாகப் பிடித்துக்கொள்ள, செத்த முயல்களைக் கோத்து, நீண்ட மூங்கில் கழியால் தொண்டைக்குள் தள்ளினார்கள். தேர் வடம் பிடிப்பதுபோல் பாம்பைப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ராஜநாகம் கொடுத்த தொல்லை வேறு. அதன் இயற்கை உணவு மற்ற பாம்புகள். எலியைப் போட்டால் ஏறெடுத்தும் பார்க்காது. எலியின்மேல் பாம்பின் வாசனையைத் தேய்த்து ஏமாற்றித்தான் பல இடங்களில் பழக்கினார்கள். பாம்பு நாக்கால் வாசனையை அள்ளிக்கொண்டு போய் மேலண்ணத்தில் வைத்து அறிகிற பிராணி. வாசனை சரியாக இருந்தால்தான் அதற்கு அது உணவு.

பாம்பு வளர்ப்பில் பழுத்தவர்கள் இன்று சொல்லும் முறையைப் படித்தால் அதில் பலவந்தம் கடைசியில்தான் வருகிறது. முதலில் உடம்பு ஒடுங்கி ஒளிந்துகொள்ள ஒரு பொந்து வேண்டும். பிறகு தகுந்த சூடு. உடம்பு குளிர்ந்திருந்தால் தின்றது செரிக்காது, அது பாம்புக்கே தெரியும். பிறகு குடிக்கத் தண்ணீர். பிறகு தன் காட்டில் அது தின்று பழகிய இரை. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடாமல், எட்டிப் பார்க்காமல், சத்தம் போடாமல் பல நாள் விட்டுவிட வேண்டும். இரவில் இரையை வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட வேண்டும். காலையில் வந்து பார்த்தால் போதும். ஆயா சொன்ன மருமகள் கதையைத்தான் இவர்கள் விரித்து எழுதியிருக்கிறார்கள்.

கல்மெத் ஒரே சீரம் எல்லாப் பாம்புக்கும் போதும் என்று நம்பினார். அது சரியில்லை என்று பம்பாயில் ஜார்ஜ் லாம்பும், பிரேசிலில் விட்டால் பிரசிலும் காட்டினார்கள். நாகத்துக்கான சீரம் கண்ணாடி விரியன் கடிக்கு உதவாது. அதனால் அந்தந்த நாடு அந்தந்த நாட்டுப் பாம்பை வைத்தே சீரம் செய்ய வேண்டியதாயிற்று. தின்ன வைக்கும் தலைவலியும் நாட்டுக்கு நாடு பரவியது.

பிரேசிலில் இதற்கு ஒரு புது வழி கண்டார்கள். சாவோ பாவ்லோ நகரத்தில் 1901-இல் தொடங்கிய புட்டன்டன் நிறுவனத்துக்கு விட்டால் பிரசில் தலைவர். தோட்டக்காரர்களுக்குப் பாம்பு பிடிக்கும் கருவியும் மரப்பெட்டியும் கொடுப்பார்கள். அவர்கள் பாம்பைப் பெட்டியில் போட்டு ரயிலில் அனுப்பினால், பதிலுக்குச் சீரம் போகும். ஒரு பாம்பு வீம்பாகத் தின்ன மறுத்தாலும் வேலை நிற்காது. அடுத்த ரயிலில் வேறொன்று வரும். குடியானவனுக்கும் மருந்து கையில் இருக்கும். பாம்புக்குத்தான் அதில் லாபமில்லை.

மூன்றாவது வழியை நம் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பார்த்தேன். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி. அங்கே 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்துத் தோல் வியாபாரிகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவர்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தோல் ஏற்றுமதியும் நின்றது. பிழைப்புப் போயிற்று. சென்னைப் பாம்புப் பண்ணையை உண்டாக்கிய ராமுலஸ் விட்டேக்கர் அவர்களோடு சேர்ந்து, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து விற்கும் இந்தச் சங்கத்துக்கு வழி செய்தார்.

பேரப் பிள்ளைகளோடு ஒரு தடவை போயிருந்தேன். வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டியிருந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகை. எனக்கு உடனே எங்கள் மிடா நினைவு வந்தது. இங்கே ஒரு பாம்பு சுமார் மூன்று வாரம்தான் இருக்கும். அதற்குள் வாரத்துக்கு ஒரு தரமாகச் சில தடவை விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் செய்து, காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அடையாளத்தோடு சீக்கிரமே மறுபடி அகப்பட்டால் மறுபடியும் விட்டுவிடுவார்கள்.

லீல் நகரத்தார் புனலால் தள்ளியதையும், நியூயார்க்கார் மூங்கிலால் தள்ளியதையும் யோசித்துப் பார்த்தேன். மூன்று வாரம் பட்டினி கிடப்பது பாம்புக்குப் பெரிய காரியம் இல்லை. பசி தலைக்கேறுவதற்குள் அது தன் வரப்புக்குப் போய்த் தன் எலியைத் தானே பிடித்துக்கொள்ளும். தின்ன வைக்க வேண்டிய கேள்வியே எழாத ஏற்பாடு. பாம்போடு பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பொருந்திய ஏற்பாடு. இந்தத் தொழில் தெரிந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முன்னதாக அமெரிக்காவில் ஃபுளோரிடா வரைக்கும் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டியவர்கள் இவர்கள். செய்தியைப் படித்த அன்று, ஆயா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்தேன்.

இதை எழுதும்போது கல்மெத்தின் புனலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த முட்டை விஷமாகி, விஷம் குதிரைக்குப் போய், சீரமாகி, எங்கேயோ வரப்பில் கடிபட்ட ஒருவனைக் காப்பாற்றியிருக்கிறது. பாம்பைத் துன்புறுத்தினார்கள், ஆனால் எதற்காக என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. எனக்கு இரண்டும் தெரியாது. அதன் பசியைவிட என் தவிப்புதான் பெரிதாக இருந்தது. தவிப்பு அடங்க ஒரு காரியம் செய்தேன். அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். நம் வீடுகளில் சாப்பிட மறுக்கிற குழந்தையிடமும், சாப்பிட மறுக்கிற பெரியவர்களிடமும் நாம் இப்படி நடந்துகொள்வதில்லையா என்று இந்த வயதில் யோசனை வருகிறது. இப்போது நானே ஒரு வேளை வேண்டாம் என்றால் மருமகள் தட்டோடு வந்து நிற்கிறாள், பாவம்.

போன ஐப்பசியில் பின்கட்டு மோட்டார் அறைக்குள் ஒரு சாரை வந்துவிட்டது. பேரனுக்கு அண்ணனைப் போலவே ஆசை. "ரெண்டு நாள் வாளியில போட்டு வைச்சுப் பாக்கலாம் தாத்தா" என்றான். நான் கதவை முழுக்கத் திறந்துவைக்கச் சொல்லி, அவனைக் கையைப் பிடித்துத் திண்ணைக்கு அழைத்து வந்துவிட்டேன். அரை மணி நேரம் அந்தப் பக்கம் யாரையும் போக விடவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தபோது பாம்பு இல்லை. ஈரத் தரையில் வேலிப் பக்கமாக ஒரு வளைந்த கோடு மட்டும் இருந்தது.

பேரனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இரவு அலமாரியைத் திறந்து பாலாடையை எடுத்து அவன் கையில் கொடுத்து, இந்தக் கதையைச் சொன்னேன். என்னைத் தவிர இதைத் தெரிந்த முதல் ஆள் அவன். இரண்டாவது நீங்கள்.